கிழிக்காமல் நடுங்கள்

எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தை மறந்து வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆனால் எனக்குக் கெடுதல் செய்தவனை மட்டும் மறக்கமாட்டேன். இது நல்ல குணமில்லை என்று பலர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் இடத்தில் நின்று பார்த்தவர் இல்லை.

நான் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் பிறந்தவள். வயசுப் பெண்ணாக இருந்தபோதே மலையிறங்கி ஒரு பாலிதீன் பை கம்பெனியில் மெஷின் ஓட்டப் போனேன். தொழில் கைவந்ததும் சேந்தமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, யாரோ கழித்துப் போட்ட மெஷினை வாங்கி வைத்து நானே பை ஓட்ட ஆரம்பித்தேன். மேலே தொட்டியில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினால் அது உள்ளே உருகி, வட்டமான வாய் வழியாகப் பெரிய குமிழாக மேலே எழும்பும். உச்சியில் இரண்டு உருளைகள் அதைத் தட்டையாக அமுக்கி இழுக்கும். அப்புறம் வெட்டி ஒட்டினால் பை. குமிழ் நேராக நிற்கிறவரைக்கும் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கோணினால் அன்றைக்கு என் வாயில் விழுந்தவர்கள் பாவம்.

முதலில் நான் ஓட்டியது நாற்றுப் பண்ணைகளுக்கான கறுப்புப் பை. குப்பையில் பொறுக்கிய பழைய பாலிதீனைக் கழுவி, உருக்கி, குருணையாக்கி, அதிலிருந்து செய்வது. அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. மண்ணில் கிடந்து மாட்டு வயிற்றுக்குள் போகவேண்டியதை எடுத்து இன்னொரு முறை வேலை வாங்குகிறோம், அவ்வளவுதான். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் ஒருவனைத் திட்டப்போகிறேன். பாலிதீனை உருக்கினான் என்பதற்காகத் திட்டுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மலையில் மிளகு நடுகிறவர்களும் இந்தக் கறுப்புப் பையில்தான் நாற்று வளர்ப்பார்கள். மழை பிடித்ததும் பையைக் கிழித்து எறிந்துவிட்டு, சில்வர் ஓக் மரத்தடியில் குழி எடுத்து நடுவார்கள். கிழிக்கும்போது மண்கட்டி உடைந்து வேர் அறுந்து பாதி நாற்று வீணாகும். கிழித்த பைகள் சரிவெல்லாம் கிடந்து, மழையில் உருண்டு, ஓடையை அடைக்கும். அதில் என் பைகளும் உண்டு.

ஒரு நாள் கிழங்கு மில்லில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பை நிறைய வெளுத்த குருணை கொண்டுவந்து கொடுத்து, இதை உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள் என்றார். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் மாவோடு, மண்ணில் மக்கக்கூடிய வேறொரு பொருளையும் சேர்த்துச் செய்ததாம். எங்கள் மலைக் கிழங்கு லாரியில் இறங்கி மில்லுக்குப் போகிறது, மாவாகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அந்த மாவிலிருந்து பை வரும் என்பது புதிது. தொட்டியில் கொட்டினேன். கொட்டகை முழுக்க அப்பளம் சுட்ட வாசனை. குமிழ் எழும்பாமல் பழுப்பாகக் கருகி ஒழுகியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அதைப் பழக்குவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சூடு கூடினால் கருகும். குருணை காற்றில் ஈரத்தைக் குடித்துவிட்டால் பை முழுக்க ஓட்டை. மாவு அதிகமானால் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போதே பை கூழாகிவிடும். மாவு குறைந்தால் மண்ணுக்குள் போயும் அசையாமல் கிடக்கும். நாற்று வளரும் வரைக்கும் தாங்க வேண்டும், நட்ட பிறகு தாங்கவே கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக வருவதற்குள் என் தலைமுடி பாதி நரைத்தது. வந்ததும், ஒரு மிளகு இலையை முத்திரையாகச் செய்து, ஒவ்வொரு பையிலும் பச்சை மையில் அச்சிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு மலையேறி வீடு வீடாகப் போனேன். "கிழிக்காம நடுங்க. பையோட குழியில வெய்ங்க. மழையில அதுவே மக்கிப்போகுமுங்க" என்று தொண்டை வற்றச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பையோடு நடுவதா, பிள்ளையைச் சட்டையோடு குளிப்பாட்டச் சொல்வாய் போலிருக்கிறதே என்று ஒரு கிழவர் கேலி செய்தார். என் அண்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் நாற்றைப் பையோடு நட்டார். மழைக்காலம் கழிந்ததும் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு ஒரு குழியைக் கொத்திக் காட்டினார். பை இருந்த இடத்தில் கருத்த பிசுக்கு மட்டும் இருந்தது. வெள்ளை வேர் எல்லாப் பக்கமும் ஓடியிருந்தது. "என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா" என்றார். அதற்குப் பிறகு மலையில் நான் சொன்னால் எடுபட்டது. பெண்பிள்ளையாகப் பிறந்து வெளியூரில் பிழைக்கிறவளுக்குப் பிறந்த ஊரில் இப்படி ஒரு மதிப்பு கிடைப்பது சாதாரணமில்லை. நான் அதில் மயங்கித்தான் கிடந்தேன்.

இனி அவன். எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். மெஷின் என் பொறுப்பு, பைகளை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் விற்பது அவன் பொறுப்பு. சமவெளிக்காரன். பேச்சில் தேன் ஒழுகும். என்னை அக்கா அக்கா என்பான், என் கொட்டகையில் என் கையால் போட்ட டீயைக் குடிப்பான். ஒரு பருவத்தில் கிழங்குக் குருணை வரவில்லை. நான் கிழங்குப் பை ஓட்டுவதை நிறுத்தினேன். இந்த வருஷம் மலைக்குப் பை கிடையாது என்று சொல்லிவிடு என்றேன். சரிக்கா என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் சொல்லவில்லை. என் முத்திரைக் கட்டையை எடுத்துக்கொண்டு போய், வேறெங்கோ பழைய பாலிதீனில் பை ஓட்டி, கிழங்குப் பையைப் போலத் தெரியட்டும் என்று வெளிர் நிறம் சேர்த்து, என் இலையை அச்சிட்டு, என் மலையில் போய் விற்றிருக்கிறான். அடுத்த பருவம் ஏதோ காரணம் சொல்லிக் கூட்டைப் பிரித்துக்கொண்டு, சேந்தமங்கலத்தில் மலைக்குப் பஸ் போகிற ரோட்டிலேயே தேன், தினை, மிளகு விற்கும் கடையும் போட்டுவிட்டான். இத்தனையும் எனக்கு அப்போது தெரியாது. கடை திறப்புக்கு நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வேறு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தெரிந்தது அண்ணன் மூலமாக. ஒரு மதியம் அவர் கொட்டகைக்கு வந்தார். வாங்கண்ணா என்று எழுந்தேன். அவர் உட்காரவில்லை. மண் ஒட்டிய ஒரு பையை என் மெஷின் மேல் வீசினார். உள்ளே பந்துபோல் சுருண்டு அழுகிய வேர். பையில் ஒரு கீறல்கூட விழவில்லை. மண்ணைத் துடைத்தால் என் பச்சை இலை நேற்று அச்சிட்டது போல் பளிச்சென்று இருந்தது.

"நோயின்னு நெனச்சு மருந்தடிச்சோம். செரிவு மொத்தமும் மஞ்சளாப் போச்சு. தோண்டுனா எல்லாத்துலயும் இதுதான். ஊர்ல ஒரு ஊடு பாக்கியில்ல" என்றார்.

"அண்ணா, இது என் பை இல்லீங்கண்ணா."

"உன் எலை இருக்குது. நீதான சொன்னே, கிழிக்காம நடுங்கன்னு? நட்டோம்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்கு முன் அவர் என் வாசலில் இருந்து அப்படிப் போனதே இல்லை.

நான் அந்தப் பையில் ஒரு துண்டைக் கிழித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். கிழங்குப் பை எரிந்தால் காகிதம் போல் சாம்பலாகும். இது மெழுகு நாற்றத்தோடு சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. போட்டது போட்டபடி அவன் கடைக்குப் போனேன். கடை நிறைய மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள். அத்தனை பேர் முன்னாலும் அவன் எனக்கு நாற்காலி போட்டான்.

"அக்கா, நீங்க ஓட்டிக் குடுத்தீங்க, நான் வித்தேன். மெஷின்ல நீங்க என்னத்தப் போட்டீங்கன்னு எனக்கெப்படிங்க தெரியும்?" என்றான். முகத்தில் அவ்வளவு வருத்தம். நானே ஒரு கணம் என்னைச் சந்தேகப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையிலும் இதையே சொல்லி வைத்திருந்தான். நம்பினார்கள். பையில் இருந்தது என் இலை, அவர்கள் காதில் இருந்தது என் குரல். பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை. கோயில் பூசைக்கும் வரவில்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி மட்டும் அவருக்குத் தெரியாமல் எப்போதாவது பேசுவாள். எனக்கு மிளகு போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. எங்கள் வீட்டு வாசலை நான் மறுபடி மிதிக்கவேண்டும், அதுவும் தலையைக் குனியாமல் மிதிக்கவேண்டும். அதற்கு அவன் குனியவேண்டும். ராத்திரி பகல் இதே நினைப்பு.

போலீசில் எழுதிக் கொடு என்றார்கள். மாட்டேன் என்றேன். கேஸ் போட்டால் அவனுக்குப் பதிலாக ஒரு வக்கீல் வந்து பேசுவான். எனக்கு அவன் வாயிலிருந்தே வரவேண்டும். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். பழி வாங்குவதென்றால் மட்டும் எனக்குப் பசுவைப் போலப் பொறுமை வந்துவிடுகிறது. காத்திருந்தேன்.

கடை நன்றாக ஓடவே அவனுக்கு ஆசை வந்தது. எங்கள் ஊரிலேயே ஒரு சரிவைக் குத்தகைக்குப் பிடித்து, தானே மிளகு போடப் போகிறான் என்று அண்ணி சொன்னாள். நாற்றுகள் தயாராக இருந்தன. எந்தப் பையில் என்று கேட்டேன். "இலை போட்ட பையிலதான்" என்றாள். மீந்துபோன போலிப் பைகளை வீணாக்க அவனுக்கு மனசு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நாளில் அன்றுதான் சிரித்தேன்.

"நடவுக்கு யாரு போறீங்க?" என்று கேட்டேன்.

"நாங்கதான். வேற யாரு இருக்கா?"

"போங்க அண்ணி. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே நடுங்க. கிழிக்காம, பையோட குழியில வெய்ங்க. வேற ஒன்னும் பேசாதீங்க."

"செரி சாமி" என்றாள் அண்ணி. அவளுக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் புது நடவு என்றால் ஊர்க்கவுண்டர் வந்து, முதல் குழிக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்து, முதல் நாற்றைத் தன் கையால் வைக்கவேண்டும். அவர் வராமல் யாரும் குழி தோண்டும் கொத்தைத் தொடமாட்டார்கள். அவன் வெளியூர்க்காரனாக இருந்தாலும் அந்த மரியாதையை விடவில்லை. வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்டு, பவ்யமாக நின்றிருந்தான். நான் காலைப் பஸ்ஸில் போய் இறங்கி, சரிவுக்கு மேலே ரோட்டோரம் ஒரு பலாமரத்தடியில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், பேசுவதும் கேட்கும்.

ஊர்க்கவுண்டர் சூடம் காட்டினார். முதல் நாற்றை எடுத்து, தன் காசில் நடுகிறவன் நல்ல பையைத்தான் எடுத்திருப்பான் என்ற நினைப்பில், பழைய வழக்கப்படி பையோடு குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார். அவன் வாயைத் திறந்து மூடினான். பெரியவரை என்ன சொல்வது? பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். ஆளுக்கொரு குழி, ஆளுக்கொரு நாற்று, பையோடு. இரண்டு வரிசை முடிந்தது. அவன் அங்கும் இங்கும் நடந்தான். தலையைச் சொறிந்தான். மூன்றாவது வரிசையில் அவனால் முடியவில்லை. அவன் காசு அல்லவா மண்ணுக்குள் போகிறது.

"ஏய், ஏய்! பையோட வெக்காதீங்க! கிழிச்சு எடுத்துட்டு வெய்ங்க! வேர் எப்படிப் போகும்?" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

அண்ணி நிமிர்ந்தாள். "ஏனுங்க, இது கிழங்குப் பைங்களே? மண்ணுல மக்கீருமுங்களே?"

"எங்க மக்கும்? கெடந்தபடியே கெடக்கும். கிழிங்க சொல்றேன்!"

சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. சரிவில் ஒரு கொத்துகூட அசையவில்லை. ஊர்க்கவுண்டர் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். அவர் எப்போதும் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை.

"மக்காதுன்னு உங்களுக்கு எப்பருந்துங்க தெரியும்?" என்று கேட்டார்.

நான் மேலிருந்து இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் "அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவனை அங்கேயே புதைத்திருக்கலாம். எவ்வளவோ பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பேசத் தேவையே இருக்கவில்லை. நின்று அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அதுவே எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி இருந்தது.

ஊர் கூடியது. அவனுக்கு என்ன செய்யலாம் என்று ஊர்க்கவுண்டர் என்னைக் கேட்டார். முதலில் என்னைக் கேட்டதே எனக்குப் பெரிய மரியாதை. "மலையில செத்த கொடி எத்தன இருக்குதோ அத்தன குழியையும் இவரே தோண்டி, பைய இவரே கையில எடுக்கோணுங்க. கூலிக்கு ஆள் வெக்கக்கூடாது" என்றேன். சிலர் இவ்வளவுதானா என்றார்கள். அவர்களுக்குக் குழி தோண்டித்தான் தெரியும், தோண்டிப் பழக்கமில்லாதவன் தோண்டினால் எப்படி இருக்கும் என்று தெரியாது. மாட்டேன் என்றால் அவன் சரிவுக்கு ஊரில் யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள், அவன் கடைக்கு ஒரு பிடி தினைகூட இறங்காது. ஒத்துக்கொண்டான்.

தோண்டினான். கல்லாவில் காசு எண்ணிப் பழகிய கை கொப்புளம் போட்டு உடைந்தது. நான் என் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போய், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவித்த குச்சிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுபோவேன். அவனுக்குத் தெரியும்படி வைத்துச் சாப்பிடுவேன். ஒரு குழியில் பை அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டால், "அதும் வேணுங்க கூட்டாளி" என்பேன். மறுபடி குனிவான். தண்ணீர் கேட்டபோது கொடுத்தேன். மயங்கி விழுந்தால் வேலை நின்றுவிடுமே. இதெல்லாம் கேட்க உங்களுக்குக் கொடுமையாக இருக்கலாம். எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது.

என் அண்ணன் தோட்டத்தில் அவன் தோண்டியபோது, அண்ணன் மத்தியானம் அவனைக் கூப்பிட்டு இலை போட்டுச் சோறு வைத்தார். நான் முறைத்தேன். "பசிச்ச வாயிக்கு என்ன தெரியும் கண்ணு" என்றார். அவர் அப்படித்தான். ஆனால் அன்று அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார். அன்று சாயங்காலமே "ஊட்டுக்கு வா" என்றார். தலை குனியாமல் வாசல் மிதித்தேன்.

தோண்டிய பைகளை மூட்டை மூட்டையாக என் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். கழுவி, நறுக்கி, உருக்கிக் குருணையாக்கி, கறுப்புப் பையாக ஓட்டினேன். இந்த முறை இலை இல்லை. "கிழித்துவிட்டு நடவும்" என்று பெரிய எழுத்தில் வெள்ளை மையில் அச்சிட்டேன். முதல் பைக்கட்டை அவன் கடை வாசலில் கொண்டுபோய் நானே வைத்தேன். தோண்டி முடித்த பிறகும் மலைக்காரர்கள் யாரும் அவனுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஷட்டர் இறங்கியது. பழி தீர்ந்தது என்று தலைமுழுகாத குறைதான்.

அடுத்த ஆடி மழைக்கு நான் கிழங்குப் பையில் அண்ணனுக்காக நாற்று வளர்த்தேன். குருணையைக் காயவைத்ததில் இருந்து பை ஒட்டியது வரைக்கும் வேறு யாரையும் தொடவிடவில்லை. வண்டியில் ஏற்றி நானே கொண்டுபோனேன். அண்ணி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்தோம். மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. அவரோடு சரிவுக்குப் போனேன்.

அவர் முதல் நாற்றை எடுத்தார். இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்து, பையின் பக்கவாட்டில் ஒரு கீறு கீறி, உரித்து, பக்கத்தில் போட்டுவிட்டு, வெறும் மண்கட்டியைக் குழியில் வைத்தார். மண்கட்டி உடைந்து வேர் தொங்கியது. அடுத்ததையும் அப்படியே செய்தார்.

"அண்ணா, இது கிழங்குப் பைங்கண்ணா. நானே ஓட்டுனது."

"தெரியுங்கண்ணு."

"அப்பறம் ஏனுங்கண்ணா கிழிக்கறீங்க?"

அவர் குனிந்தபடியே இன்னொரு நாற்றை எடுத்தார். "மனசு நம்புது சாமி. கைதான் கேக்கமாட்டேங்குது" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கீழே மற்ற சரிவுகளைப் பார்த்தேன். அங்கேயும் எல்லோரும் கிழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் என் மேல் பகையோடு இல்லை. என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள், சிரித்தார்கள், கிழித்தார்கள்.

நான் அண்ணனோடு உட்கார்ந்து, அவர் கீறிக் கொடுத்ததை உரித்துக் கொடுத்தேன். சாயங்காலப் பஸ்ஸில் கீழே இறங்கினேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து சேந்தமங்கலம் வந்தபோது பஸ் அவன் கடை வழியாகத்தான் போனது. ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. அவன் ஊரை விட்டே போய்விட்டான் என்று தெரிந்தும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி, அதன் மேல் காறித் துப்பினேன். பக்கத்து சீட்டுக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தாள்.